ரேடியோ நெல்

நெல்லுக்குப் பெயர் வைப்பதில் நம் உழவர்கள் ஒருநாளும் சோம்பியதில்லை. அரிசி சீரகம் போலச் சிறுத்திருந்தால் சீரகச் சம்பா. அந்தச் சோற்றை உண்டவன் இளவட்டக்கல்லைத் தூக்கிவிடுவான் என்று நம்பினால் மாப்பிள்ளைச் சம்பா. அறுபது நாளில் களத்துக்கு வந்துவிடுவது அறுபதாம் குறுவை. யானை நுழைந்தாலும் தெரியாத உயரத்துக்கு வளர்வது காட்டுயானம். கண்ணும் நாக்கும் சொன்னதையே பெயராக்கிய இந்த நீண்ட வரிசையில், 1960களின் நடுவில் தஞ்சை மாவட்டத்தில் விசித்திரமான பெயர் ஒன்று வந்து சேர்ந்தது: ரேடியோ நெல். ஆராய்ச்சி நிலையம் அதற்கு இட்ட பெயர் ஆடுதுறை 27, சுருக்கமாக ஏ.டி.டி. 27. வயலில் நின்றவர்களுக்கு அது ரேடியோ சொன்ன நெல், அவ்வளவுதான். நெல்லின் நிறத்தையோ ஊரையோ விட்டுவிட்டு, அதைப் பற்றிச் சேதி கொண்டுவந்த ஆளின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். அந்த ஆள் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம்.

வானொலி நிலையம் ஒன்றின் வரலாற்றை எழுத உட்காருகிறவருக்கு முதலில் வரும் சங்கடம், ஆதாரமே காற்றோடு போய்விட்டது என்பது. ஒலிநாடா விலை அதிகம்; ஒலிபரப்பி முடித்த பேச்சை அழித்துவிட்டு அதே நாடாவில் அடுத்ததைப் பதிவது அந்நாளைய நிலையங்களின் வழக்கம். கச்சேரிகளையாவது ஓரளவு காப்பாற்றி வைத்தார்கள். ஏக்கருக்கு எவ்வளவு உரம், குருத்துப்பூச்சிக்கு என்ன மருந்து என்ற பேச்சையெல்லாம் யார் பீரோவில் பூட்டி வைப்பார்கள்? மிஞ்சியிருப்பது கேட்டவர்களின் நினைவு. அதையும் அப்படியே நம்பிவிட முடியாது. பழைய ரேடியோ என்ற பேச்சை எடுத்தாலே எங்கள் தலைமுறையின் நினைவு உருக ஆரம்பித்துவிடும்: மர்பி பெட்டி, பேச்சைத் தொடங்குமுன் சூடேற எடுத்துக்கொள்ளும் வால்வுகள், தோலுறை போட்ட டிரான்சிஸ்டர், தீர்ந்துபோன பேட்டரிக் கட்டைகளை வெயிலில் காயவைத்து இன்னொரு நாள் ஓட்டும் சாமர்த்தியம். எல்லாம் உண்மைதான், ஆனால் இவற்றிலிருந்து எதையும் நிரூபிக்க முடியாது. ரேடியோ நெல் என்ற பெயர் உருகாத நினைவு. விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கிக் காசு போட்டு, ஒரு போகத்தைப் பணயம் வைத்தவர்கள் இட்ட பெயர் அது. அந்தப் பெயரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு நான் சொல்ல வருவது இது: மாவட்டத் தலைநகர் ஒன்றின் மத்திய அலை நிலையத்தை மக்கள் நம்பியதற்குக் காரணம், அதன் குரலுக்கு ஓர் எல்லை இருந்ததுதான். கேட்டவர் தம் கண்ணாலேயே சரிபார்க்கக்கூடிய விஷயத்தை, சரிபார்க்கக்கூடிய தொலைவிலிருந்து அது பேசியது.

திருச்சி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. ராஜாஜி மாகாணப் பிரதமராக இருந்த காலம். சென்னை நிலையம் அதைவிடச் சரியாகப் பதினோரு மாதம் மூத்தது. நாடு விடுதலை அடைந்தபோது இந்தியாவின் பங்குக்கு வந்த அகில இந்திய வானொலி நிலையங்கள் ஆறே ஆறு: தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ, திருச்சி. முதல் ஐந்தும் ஏதோ ஓர் ஆட்சியின் தலைநகரங்கள். ஆறாவது ஊருக்கு அந்தத் தகுதி கிடையாது. மலைக்கோட்டையும் பொன்மலை ரயில்வே பணிமனையும் சுருட்டும் உள்ள ஒரு மாவட்டத் தலைநகர். அவ்வளவு பெரிய தேசத்தில் இந்த ஊருக்கு எப்படி இடம் கிடைத்தது என்று கேட்டால், தேசப்படத்தை விரித்தாலே பதில் தெரிந்துவிடும். சென்னை தமிழ் நிலத்தின் வடகிழக்கு மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது. போதாக்குறைக்கு அதன் நிலையம் தெலுங்கையும் சேர்த்துச் சுமந்தது. 1948 டிசம்பரில் விஜயவாடா நிலையம் வந்த பிறகே அந்தச் சுமை இறங்கியது. தமிழ்நாட்டின் நடுவில் தமிழுக்கென்றே ஒரு நிலையம் வேண்டுமென்றால், கோலை எங்கே ஊன்றினாலும் திருச்சிக்குப் பக்கத்தில்தான் ஊன்ற வேண்டியிருக்கும். தொடக்கத்தில் அதன் பரப்பியின் வலிமை 5 கிலோவாட். தெற்கே திருநெல்வேலி நிலையம் 1963இலும், மேற்கே கோவை 1966இலும் வந்தன. சங்கம் வளர்த்த மதுரை 1987 வரை காத்திருந்தது. ஆக ஏறத்தாழ கால் நூற்றாண்டு, சென்னைக்குத் தெற்கே உள்ள தமிழ் நிலம் முழுவதற்கும் சொந்த மாநிலத்திலிருந்து பேசிய குரல் திருச்சியுடையது.

இங்கே அலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்; இந்த வாதத்தின் பாதி அதில்தான் இருக்கிறது. திருச்சி இப்போது ஒலிபரப்பும் 936 கிலோஹெர்ட்ஸில் அலையின் நீளம் சுமார் 320 மீட்டர். இப்படிப்பட்ட நீண்ட அலை பகலில் நிலத்தை ஒட்டியே தவழ்ந்து போகும். மேடு பள்ளம், தோப்பு துரவு எதையும் பொருட்படுத்தாது. பண்பலைக்கு அந்தக் குணம் இல்லை. அது ஏறத்தாழக் கண்ணுக்கு எட்டும் நேர்கோட்டில் போகிற அலை. மத்திய அலை எவ்வளவு தூரம் தவழும் என்பது அது ஊர்ந்து போகும் மண்ணைப் பொறுத்தது. வறண்ட பாறை நிலம் அலையைச் சீக்கிரம் குடித்துவிடும். ஈரமான வண்டலோ மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அலை அதிகம் தேயாமல் தொலைவு போகும். கல்லணைக்குக் கீழே காவிரி விரிந்து கிளைத்து ஓடும் நிலம், வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் கட்டி நிற்கும் நிலம், மத்திய அலைக்கு ராஜபாட்டை. ஆறு பாயும் பக்கமே அலையும் பாய்ந்தது என்றால் அதில் கவிதை ஒன்றும் இல்லை, மண்ணின் மின்கடத்து திறன்தான். இரவானால் கதை வேறு. வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் எங்கெங்கோ இருந்து வந்து இறங்கும்; முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினால் வேறு ராஜ்ஜியம். பகலில் திருச்சியின் ராஜ்ஜியத்தில் கலப்பு இல்லை.

கேட்டவர்கள் யார் என்பதும் முக்கியம். ரேடியோ வைத்திருக்க உரிமம் வேண்டும். ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இந்தத் தொல்லை 1980களில்தான் ஒழிந்தது. ஆகவே ஒரு தெருவுக்கு இரண்டு பெட்டி இருந்தாலே பெரிது. ஆனால் ஒரு பெட்டிக்குக் காது ஒன்றல்லவே. பஞ்சாயத்து அலுவலகத்தின் ஜன்னலுக்கு உள்ளே பூட்டி வைத்த பெட்டி, வெளியே கூரை முகப்பில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி, சாயங்காலம் சாவியோடு வந்து அதைத் திறக்கும் ஆள். இதுதான் பெரும்பாலான கிராமங்களில் ரேடியோ. கேட்டது தனி ஆளல்ல, கூட்டம். ஒருவர் கேட்டதை இன்னொருவர் மாற்றிச் சொல்ல முடியாது, எல்லோரும் ஒன்றாகக் கேட்டாயிற்று. டீக்கடை பெஞ்சில் அடுத்த அரை மணி நேரம் அந்தப் பேச்சுதான். வானொலியின் பாதி வேலை, பெட்டியை அணைத்த பிறகே நடந்தது.

இனி நெல்லுக்கு வருவோம். ஆடுதுறை 27இன் பூர்வீகம் உலகளாவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, உரத்துக்கு நன்றாக ஈடு கொடுக்கும் ஜப்பானிய நெல்லையும் நம் வெப்ப மண்டல நெல்லையும் கலந்தால் என்ன என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு யோசித்தது. கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தை மையமாகக் கொண்டு 1950களில் அந்தக் கலப்பு வேலை நடந்தது. கலப்பில் பிறந்தவை ஏராளம். விதை மலடாகியும் வெப்பம் தாங்காமலும் கழிந்தவையே அதிகம். கடைசியில் வயலுக்கு வந்து நிலைத்தவை என்று எண்ணிச் சொல்வது நாலைந்து ரகங்களைத்தான். மலேசியாவின் மாலிஞ்சா, மசூரி, ஆஸ்திரேலியாவுக்கு ஒன்று, தமிழ்நாட்டுக்கு ஆடுதுறை 27. ஒரு பக்கம் கோவையில் தேர்ந்தெடுத்த ஜி.இ.பி. 24, மறு பக்கம் ஜப்பானின் நோரின் 10. (இதே பெயரில் கோதுமையில் ஒன்று உண்டு, பசுமைப் புரட்சிக் கதைகளில் அடிக்கடி அடிபடுவது அந்தக் கோதுமை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.) இந்த நெல்லின் வயது 105 நாள். ஜூனில் மேட்டூர் திறந்து, குறுவை நட்டு, ஐப்பசி அடைமழைக்கு முன் அறுத்துக்கொண்டு, அதே நிலத்தில் தாளடி நட நினைக்கும் டெல்டாவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. தஞ்சாவூர் அதற்குள் தேசத்தின் கவனத்துக்கு வந்துவிட்ட மாவட்டம். ஃபோர்டு அறக்கட்டளையின் துணையோடு 1960இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு முதலில் பொறுக்கிய ஏழு மாவட்டங்களில் அதுவும் ஒன்று. தட்டுப்பாட்டுக் காலம் வேறு. 1965, 66 வறட்சிகளில் அரிசி அரசியலாகிவிட்டது. 1967 தேர்தல் மேடையில் ரூபாய்க்கு எத்தனை படி என்பதே பேச்சு. அந்த 1966இல்தான் அகில இந்திய வானொலி தேர்ந்தெடுத்த பத்து நிலையங்களில் பண்ணை இல்ல ஒலிபரப்புக்கென்று தனிப் பிரிவுகளை அமைத்தது. திருச்சிக்கும் ஒன்று கிடைத்தது.

வேளாண் பேச்சு ஒன்றைக் காதில் வாங்கிப் பார்த்தால் அது எவ்வளவு கறாரான கலை என்பது புரியும். கேட்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. எண் ஒன்று தவறிப்போனால் போனதுதான். அதனால் எந்த அளவையும் இரண்டு முறை சொல்ல வேண்டும், அதுவும் கேட்பவரின் அளவையில். நாடு மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. சர்க்காருக்கு ஹெக்டேரும் கிலோவும். டெல்டாவுக்கு மாவும் வேலியும், மரக்காலும் கலமும். மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. 'ஹெக்டேருக்கு இத்தனை கிலோ தழைச்சத்து' என்று பேசினால் பாதிப் பேர் காதிலேயே விழாது. தழைச்சத்து என்பது கடையில் விற்கும் பண்டமே இல்லை. கடையில் கிடைப்பது அம்மோனியம் சல்பேட்டும் யூரியாவும். ஆகவே மூட்டைக் கணக்குக்கு இறங்கி வர வேண்டும், 'நட்ட இருபதாம் நாள்' என்று நாளைச் சொல்ல வேண்டும், 'தண்ணீரை வடித்துவிட்டுப் போடுங்கள், மறுநாள் கட்டுங்கள்' என்று கையைப் பிடித்துக் காட்டுகிற மாதிரி சொல்ல வேண்டும். தில்லியில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய முடியாது. சென்னையிலிருந்தே கஷ்டம்; செங்கல்பட்டு ஏரிப் பாசனத்துக்குச் சொல்வது கும்பகோணத்துக்குப் பொருந்தாது. பேசுகிற ஆளும் கேட்கிற நிலமும் ஒரே நாட்காட்டியில் இருந்தால்தான் இது நடக்கும்.

என் வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. புது ரகம் ஒன்றை ரேடியோ சொன்னது. அக்கம்பக்கத்தில் யாரோ ஒருவர் துணிந்து நட்டார். மற்றவர்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள். 105 நாள் என்றால் 105 நாளில் அறுத்தாக வேண்டும், ஒரு வாரம் தள்ளிப்போனாலும் ரேடியோவின் மானம் டீக்கடையில் கப்பலேறிவிடும். நம்பிக்கை பேச்சிலிருந்து பிறக்கவில்லை. பேச்சுக்கும் வயலுக்கும் இடையில், நடந்து போய்ப் பார்த்து வரக்கூடிய தூரமே இருந்தது. அந்தத் தூரம் உண்டாக்கிய நம்பிக்கை அது. இதற்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சோதனை உண்டு. 1956இல் புனே வட்டாரத்தின் ஐந்து மாவட்டங்களில் 144 கிராமங்களைத் தேர்ந்து வானொலி கிராம மன்றங்கள் அமைத்தார்கள். யுனெஸ்கோ துணை நின்றது, வானொலியின் தலைமை இயக்குநர் ஜே.சி. மாத்தூர் முன்நின்றார். கிராமத்தார் கூடிக் கேட்டு, விவாதித்து, முடிவெடுக்க வேண்டும். பால் நியூரத் என்ற சமூகவியலாளர் பலனை அளந்து, நல்ல வெற்றி என்று எழுதினார். 1959 முதல் அதை நாடெங்கும் விரித்தார்கள்; விரிக்க விரிக்கத் தேய்ந்தது. மன்றங்களின் எண்ணிக்கை கோப்பில் ஏறியது, கூட்டம் திண்ணையில் குறைந்தது. புனேயில் வென்றது மன்றம் என்ற அமைப்புதான் என்று எண்ணிவிட்டார்கள். மராத்தி பேசும் சில மாவட்டங்களுக்கு மட்டும் அவர்கள் பயிரைப் பற்றிப் பேசியதுதான் வென்றது என்று நான் நினைக்கிறேன். தஞ்சையில் கூப்பிட்டு உட்காரவைக்காமலே கூட்டம் கேட்டது.

இதற்கு உடனே வரக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு, கனமான மறுப்பு. ரேடியோவா நெல்லை விளைவித்தது? திட்டம் இருந்தது, கூட்டுறவுக் கடன் இருந்தது, மானிய உரம் இருந்தது, செயல்விளக்கத் திடல்கள் இருந்தன, சைக்கிளை மிதித்துக்கொண்டு ஊர் ஊராய்ப் போன கிராம சேவக்குகளும் வேளாண் அலுவலர்களும் இருந்தார்கள். இத்தனை பேர் உழைப்பை ஒரு பெட்டியின் கணக்கில் எழுதுவது நியாயமா? நியாயமில்லைதான். விதை கிடங்கில் இல்லாமல் ரேடியோ எவ்வளவு கத்தினாலும் ஒரு கதிர் கூட முளைத்திருக்காது. ஆனால் இந்த மறுப்பு ஒன்றை விளக்காமல் விட்டுவிடுகிறது: இத்தனை பேர் உழைத்தும் உழவர்கள் அந்த நெல்லை ஆபீஸர் நெல் என்றோ சொசைட்டி நெல் என்றோ ஏன் அழைக்கவில்லை? அலுவலர் மூலம் வரும் சேதிக்கு ஒரு பாதை உண்டு. முதலில் பெரிய பண்ணை, பிறகு அவருக்கு வேண்டியவர், கடைசியில் மிச்சம் மீதி. விதை வந்திருக்கிறது என்பதே சிலருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இருக்க முடியும். ரேடியோ அந்த வரிசையைக் கலைத்தது. ஆடுதுறை 27 வந்துவிட்டது என்பது வேலிக்கணக்கில் நிலமுள்ளவருக்கும் மூன்று மா குத்தகைக்காரருக்கும் ஒரே நிமிஷத்தில் தெரிந்தது. 'ரேடியோவில் சொன்னானே, விதை எங்கே?' என்று கிடங்கு வாசலில் போய்க் கேட்க ஒரு பிடி கிடைத்தது. சலுகையாகக் கிடைத்துவந்த சேதி, கேட்டு வாங்கும் சேதியானது. பெயர் வைத்தவர்கள் நன்றி சொன்னது, என் கணக்கில், இதற்குத்தான்.

இன்னொரு மறுப்பு: அது சர்க்கார் ரேடியோ. உண்மை, அதை மழுப்ப வேண்டியதில்லை. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த 1950களில் சினிமாப் பாட்டைத் தீட்டு என்று ஒதுக்கிய ரேடியோ அது. தமிழர்கள் காதை மொத்தமாக இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள், 1957இல் விவித்பாரதி வந்தும் முழுக்கத் திரும்பவில்லை. நெருக்கடி நிலையின்போது அது என்ன பேசியது, எதைப் பேசவில்லை என்பதும் ஊரறிந்தது. ஆனால் அதே பெட்டி, அதே குரல், காலை ஆறு மணிக்கு நம்பப்பட்டது, ராத்திரி செய்தியில் சந்தேகிக்கப்பட்டது. கேட்டவர்கள் ஏமாளிகள் அல்ல. எதைச் சரிபார்க்க முடியுமோ அதை நம்பினார்கள். தில்லியில் என்ன நடந்தது என்று பார்த்துவர ஆடுதுறைக்காரருக்கு வழியில்லை. குருத்துப்பூச்சி தாக்கும் என்று சொன்னால், கருகிய குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வருகிறதா என்று பார்த்துவிடலாம். ஒரு நிலையம் எத்தனை தடவை இப்படிச் சோதிக்கப்படுகிறதோ, அத்தனை தடவை பொய் சொல்ல முடியாத நிலைக்கு அது தள்ளப்படுகிறது. தென்கச்சி கோ. சுவாமிநாதன் சென்னை வானொலியின் 'இன்று ஒரு தகவல்' மூலம் பிற்காலத்தில் மாநிலம் முழுக்கத் தெரிந்தவரானார். அவர் வேளாண்மை படித்தவர், வானொலிக்குள் நுழைந்தது 1977இல் திருநெல்வேலி நிலையத்தில், பண்ணை நிகழ்ச்சிகளுக்காக. அலட்டாமல், மெல்லச் சிரித்துக்கொண்டு, எதிரில் இருப்பவரிடம் பேசுவதுபோல் வந்த அந்தக் குரலை உழவர்கள்தான் பழக்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அவர்கள் முன்னால் பிரசங்கம் எடுபடாது.

என்னால் எளிதாகப் பதில் சொல்ல முடியாத மறுப்பு மூன்றாவது. சரிபார்க்க வயல் வேண்டும்; வயல் யாரிடம் இருந்தது? ரேடியோ 'உழவர் பெருமக்களே' என்று விளித்தபோது அந்தச் சொல்லுக்குள் நிலம் உள்ளவரும் குத்தகைக்காரரும் அடங்கினார்கள். நட்டவர்களும் களை பறித்தவர்களும் அறுத்தவர்களும், கீழத்தஞ்சையில் பெரும்பாலும் தலித் மக்கள், அதன் ஓரத்தில் நின்றார்கள். விளைச்சல் ஏறியது; கூலி நெல் ஏற வேண்டும் என்று கேட்டபோது என்ன நடந்தது என்பதற்கு 1968 டிசம்பர் 25இன் இரவு இருக்கிறது. கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள், குழந்தைகளும் பெண்களுமே அதிகம். புதிய நெல் வந்த சில ஆண்டுகளுக்குள், அந்த நெல்லுக்குப் பெயர் பெற்ற அதே மாவட்டத்தில். ஃபிரான்சின் ஃபிராங்கெல் போன்றவர்கள் தஞ்சாவூரை ஆராய்ந்து, புதிய வேளாண்மையின் ஆதாயம் எப்படி ஏற்றத்தாழ்வைக் கூர்மையாக்கியது என்று அப்போதே எழுதினார்கள். யூரியாவின் அளவை இரண்டு முறை சொல்லத் தெரிந்த நிகழ்ச்சிக்குக் கூலியின் அளவைப் பேச இடம் இல்லை. சட்டப்படியான கூலி எவ்வளவு என்பதும் சரிபார்க்கக்கூடிய தகவல்தான். அலை சேரிக்கும் எட்டியது, பேச்சு எட்டவில்லை. என் வாதம் இங்கே சுருங்குகிறது: அருகாமை நம்பிக்கையைத் தந்தது, ஆனால் அந்த அருகாமை வரப்புக்கு மேலே நின்றவர்களோடுதான்.

நெல்லே தப்பு என்று சொல்கிறவர்களும் உண்டு. ஒரு ரகம் பரவினால் பத்து ரகம் ஒழியும். உரம் ஏறினால் மண் சோரும். இயற்கை வேளாண்மைக்காக உழைத்த நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து சொன்னது இதைத்தான். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் திருவிழா நடத்தி நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட மரபு ரகங்களைத் திரட்டிக் கொடுத்தது, ஏறத்தாழ ரேடியோ நெல் பரவிய அதே நிலத்தில்தான். இதில் ரேடியோவுக்குப் பங்கு உண்டு, தப்பிக்க முடியாது. நூற்றைந்து நாள் சோதனையில் தேறிய பேச்சு நாற்பது வருஷச் சோதனையில் என்னாகும் என்று வரப்பில் நின்று பார்க்க முடியாது. அந்தத் தொலைவு யார் கண்ணுக்கும் எட்டாதது. ஆடுதுறை 27ம் ஐ.ஆர். 8, ஐ.ஆர். 20 என்று அடுத்தடுத்து வந்தவற்றுக்கு இடம் விட்டு விலகிப்போய்விட்டது.

இப்போது எல்லாம் கைபேசியில் இருக்கிறது, இதற்கெல்லாம் எதற்கு அழுகை என்று கேட்கலாம். நான் அழவில்லை. மத்திய அலைப் பரப்பி மின்சாரத்தை விழுங்குவது; திருச்சியின் இன்றைய பரப்பி 100 கிலோவாட். கோபுரத்துக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும். எல்.இ.டி. விளக்கும் சார்ஜரும் நிறைந்த வீட்டில் இரைச்சலைத் தாண்டி அதைப் பிடிப்பதே பாடு. நாட்டின் பல ஊர்களில் இந்தப் பரப்பிகளை நிறுத்திவிட்டுப் பண்பலைக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் கைபேசியில் வரும் வேளாண் பேச்சைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பேசுகிறவர் எந்த மாவட்டம், எந்த மண், கிணறா ஆறா என்பது பாதி நேரம் தெரியாது. அவர் சொன்ன விளைச்சலைப் பார்த்துவர எந்த வரப்புக்குப் போவது? சொன்னது பொய்த்துப் போனால் எந்த டீக்கடையில் அவர் மானம் போகும்? இருபது லட்சம் பேர் பார்த்தார்கள் என்ற எண் ஒன்று மட்டும் கீழே நிற்கும். அது கேட்டவர்களின் எண்ணிக்கை, சோதித்தவர்களின் எண்ணிக்கை அல்ல. தரம் உயர்ந்த தகவல் அங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நிறைய இருக்கிறது, ரேடியோ கனவு கூடக் கண்டிருக்க முடியாத அளவுக்கு. எது எனக்கு, எது எங்கள் வாய்க்காலுக்கு என்று பிரித்துக் கொடுத்த எல்லைக்கோடு மட்டும் இல்லை.

கடைசியாகப் பெயரைப் பற்றி ஒன்று. 1950களின் பிற்பாதியில் அகில இந்திய வானொலிக்கு ஆகாசவாணி என்ற பெயரை எங்கும் நிலைநாட்ட முனைந்தபோது தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. தமிழ் நிலையங்களில் வானொலி என்ற சொல்லே நின்றது. 2023 மே மாதம் பிரசார் பாரதி ஆகாஷ்வாணி என்று மட்டுமே சொல்ல வேண்டும் என்று உத்தரவிட, கண்டன அறிக்கைகள் மறுபடி வந்தன. வானொலி அழகான சொல், அதற்காகச் சண்டை போட்டதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் நெல்லுக்குப் பெயர் வைத்தவர்கள் ஆகாசவாணியையும் எடுக்கவில்லை, வானொலியையும் எடுக்கவில்லை. வீட்டுத் திண்ணையில் அந்தப் பெட்டியை என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ, அதையே விதைக்கோட்டையின் மேல் ஒட்டிவிட்டார்கள்.